கவனக்குறைவு என்று எழுதியவர்

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் இடதுகைப் பக்கம் ஒரு மரத்தடுப்பு இருக்கும். அதற்குப் பின்னால், உயரமான நாற்காலியில், காலை ஏழு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை அவர் உட்கார்ந்திருப்பார். வருகிறவரின் பெயர், வயது, முகவரி, கொண்டுவந்தவர் யார், என்ன நேர்ந்தது என்று நீளமான பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. இருபத்துநான்கு வருஷமாக அதே நாற்காலி. டாக்டர்கள் மாறினார்கள், சூப்பிரண்டுகள் மாறினார்கள், சுவரின் நிறம்கூட மூன்று தடவை மாறியது. அவர் மட்டும் நகரவில்லை. பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. இளையவர்களுக்கு அவர் 'ரிஜிஸ்டர் சார்', மூத்தவர்களுக்கு வெறும் 'ரிஜிஸ்டர்'. வீட்டில் மனைவிக்குக் கோபம் வந்தால் அவளும் சுவரைப் பார்த்து, "ரிஜிஸ்டர் வந்தாச்சா?" என்றுதான் கேட்பாள்.

கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பேச்சு குறைவு. ரத்தத்தைப் பார்த்து முகம் சுளித்ததும் இல்லை, அழுகிறவர்களைப் பார்த்து உருகியதும் இல்லை. கேட்பார், எழுதுவார், அடுத்த ஆளைப் பார்ப்பார். கல்நெஞ்சு என்று நர்சுகள் சொல்வது அவர் காதுக்கு எட்டியிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

பதிவேட்டில் 'நேர்ந்த விதம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மட்டும் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தபால்காரர் ஒருவரைக் காயத்தோடு கொண்டுவந்தார்கள். தானாகச் செய்துகொண்டது என்று அந்த மனிதரே சொன்னார். சொன்னபடி இவரும் எழுதினார். அந்தத் தகவல் முறைப்படி போலீசுக்குப் போனது. போலீஸ் விசாரிக்க அலுவலகத்துக்கே போனது. ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, தங்கைக்குப் பேசியிருந்த கல்யாணமும் நின்றுபோனது. இரண்டு மாதம் கழித்து அந்த ஆள் தடுப்பருகே வந்து நின்றார். சண்டை போடவில்லை. "ரெண்டு வார்த்தைய மாத்தி எழுதியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இவர் மாற்றி எழுத ஆரம்பித்தார். யாரும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கூட வந்தவர் தடுமாறுவதையும், படுத்திருப்பவர் கூரையைப் பார்ப்பதையும் வைத்தே இவருக்குத் தெரிந்துவிடும். பேனாவை ஒரு நொடி தூக்கிப் பிடித்துவிட்டு, 'கவனக்குறைவு' என்று எழுதுவார். கூட வந்தவரின் தோள் கீழே இறங்கும். இதைத் தன்னால் முடிந்த சின்ன உபகாரம் என்று நினைத்திருந்தார். வாழ்க்கையில் அவர் பெருமைப்பட்டுக்கொண்டதில் அதுவும் ஒன்று. வெளியே சொல்ல முடியாத பெருமை.

ஒரு திங்கட்கிழமை அட்டெண்டர் வந்து, "சார், ஆய்வாளர் வந்திருக்காங்க. உங்க பழைய ரிஜிஸ்டரையெல்லாம் பாக்கணுமாம்" என்றார்.

போலீஸ் என்றுதான் நினைத்தார். எழுந்து நின்று காக்கிச் சட்டையைத் தேடினார். வந்து நின்றதோ முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தோளில் கனத்த பை, கையில் நனைந்த குடை. போலீஸ் ஆய்வாளர் அல்ல, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் உளவியல் ஆய்வாளர். தற்கொலையைத் தடுப்பது பற்றியும், தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறவர்களைப் பற்றியும் ஆராய்ச்சி செய்கிறாராம். பதினொரு வருஷப் பதிவேடுகளைப் பார்க்க சூப்பிரண்டின் அனுமதிக் கடிதமும் வைத்திருந்தார். இவர் நிம்மதியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: போலீஸ் வந்தால் ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் போகும். இந்த அம்மா எல்லா வரியையும் பார்க்கப் போகிறார்.

ஆய்வாளர் இரண்டு வாரம் ஆவண அறையில் உட்கார்ந்திருந்தார். தூசியில் தும்முவதும் கணினியில் தட்டுவதுமாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வாரம் இவருடைய வேலை நேரம் முடிகிற சமயம் பார்த்து வந்தார்.

"சார், ஒரு சந்தேகம். சாயங்கால ஷிஃப்ட்லயும் ஜனங்க வர்றாங்க. ராத்திரியும் வர்றாங்க. உங்க ஷிஃப்ட்ல வர்றவங்க மட்டும் இவ்வளவு கவனக்குறைவா இருக்காங்களே, அது எப்படி?"

"மத்தவங்க காரணத்த எழுதறதில்ல. நான் எழுதறேன். அவ்வளவுதான் மேடம்" என்றார். சொல்லும்போதே அந்தப் பதில் தனக்கே ஒட்டவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

ஆய்வாளர் மடக்கிப் பிடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மரத்தடுப்பின் மேல் வைத்தார். "யாரையோ காப்பாத்தத்தான் எழுதினீங்கன்னு புரியுது சார். இந்த ஒரு பக்கத்த மட்டும் பாருங்க."

ஒரே ஆளைப் பற்றிய நான்கு வரிகள். பஸ் கண்டக்டர். பதினான்கு மாதத்துக்குள் மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்றுக்கும் எதிரே இவருடைய அழகான கையெழுத்தில் 'கவனக்குறைவு'. நான்காவது வரி மாலை எழுத்தருடையது: கொண்டுவரும்போதே உயிர் இல்லை.

ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். முதல் தடவை வயது கேட்டபோது, "நாப்பத்திரெண்டு. மீதிச் சில்லறை வேணாம் சார்" என்று சொன்னவர். இவர் அன்றைக்குச் சிரித்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் சிரித்தது அபூர்வம், அதனால்தான் நினைவிருந்தது. நான்காவது தடவை வந்தது அவருக்கு இத்தனை நாள் தெரியாது. அது அவருடைய ஷிஃப்ட் இல்லை.

ஆய்வாளர் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். ஒரு தடவை தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர் திரும்பவும் அப்படிச் செய்ய வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்தானவை. அந்த நாட்களில் யாராவது விடாமல் தொடர்பு வைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று நேராகக் கேட்டாலே பலர் தாண்டி வந்துவிடுகிறார்கள்.

"விபத்துன்னு எழுதிட்டா தையல் போட்டு அனுப்பிடுவாங்க. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க. இந்த ஆஸ்பத்திரியில மனநலத்துக்குன்னு ஒரு ஆள்கூட ஏன் இல்ல தெரியுமா சார்? இங்க இருக்கற பதிவேட்டுப்படி தேவையே இல்ல."

எந்த வரிகள் மாற்றி எழுதப்பட்டவை என்று அவரால் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஆராய்ச்சியில் யாருடைய பெயரும் வராது, எண் மட்டும்தான். போலீசுக்கு எதுவும் போகாது. "ஆனா உங்களுக்கு இதனால மேலிடத்துல சிக்கல் வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தால்தான் அந்தப் பெண்ணின் மேல் இவருக்கு நம்பிக்கை வந்தது.

மூன்று நாள் யோசித்தார். மனைவியிடம் சொல்லவில்லை. தபால்காரரும் கண்டக்டரும் மாறி மாறி மனசில் வந்து நின்றார்கள். ஒருவருக்கு உண்மை எழுதிக் கெடுத்தாயிற்று, இன்னொருவருக்குப் பொய் எழுதிக் கெடுத்தாயிற்று. நான்காம் நாள் இரண்டு மணிக்கு ஆவண அறைக்குப் போய், "எந்த வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்றார்.

தினமும் இரண்டு மணி நேரம், மூன்று மாதம் நடந்தது. ஒரு ஆளின் நினைவை மட்டும் நம்ப முடியாது என்று, போன வருஷம் ஓய்வு பெற்ற அவசரப் பிரிவு ஹெட் சிஸ்டரையும் ஆய்வாளர் வரவழைத்திருந்தார். இவர் ஒரு அறையில், சிஸ்டர் வேறொரு அறையில். ஒவ்வொரு வரிக்கும் இருவரும் தனித்தனியாக ஆம், இல்லை, தெரியாது என்று குறிக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் நூறில் தொண்ணூற்றொன்று ஒத்துப்போயின. "இருபது வருஷம் ஒரே எடத்துல வேல பாத்திருக்கோம், ஒரு வார்த்த பேசிக்கிட்டதில்ல. இப்ப பாத்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நெனச்சிருக்கோம்" என்றார் சிஸ்டர். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரு வரி வரப்போகிறது என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆறு வருஷத்துக்கு முந்தைய பதிவேடு, பாதிக்கு மேல். அந்தப் பதிவேடு மேஜைக்கு வந்த அன்று தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் இருமல். மூன்றாம் நாள் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

பெண், இருபத்தேழு வயது. கொண்டுவந்தவர்: அக்கா. நேர்ந்த விதம்: கவனக்குறைவு.

அவருடைய மனைவியின் தங்கை அவள். வீட்டில் எல்லோருக்கும் 'சின்னவள்'. அன்று காலை பத்தரை மணிக்கு மனைவி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தடுப்பின் முன் வந்து நின்றாள். இவர் எதுவும் கேட்கவில்லை. பெயரும் வயதும் கேட்காமலே தெரியும். எழுதி முடித்தார். மாலையில் வீட்டுக்குப் போனபோதும் கேட்கவில்லை. ஏன் என்று யாருமே கேட்கவில்லை, ஆகவே ஏன் என்பது யாருக்கும் தெரியாது. பத்து நாளில் தையல் பிரித்தார்கள், அத்தோடு விஷயம் முடிந்ததாக வீடு முடிவு செய்துகொண்டது.

இவர் வராத நாட்களில் சிஸ்டர் முடித்துக் கொடுத்த தாள் ஆய்வாளரின் மேஜையில் கிடந்தது, கண்ணில் பட்டது. அன்று அவரும் வேலையில் இருந்தவர்தான், எல்லாம் தெரிந்தவர்தான். அந்த ஒரு வரிக்கு எதிரே மட்டும் எதுவும் குறிக்காமல் விட்டிருந்தார்.

இவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "இதுவும்தான் மேடம்" என்றார். "என் மச்சினி."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். "இப்ப அவங்க எப்படி இருக்காங்க சார்?"

"நல்லாத்தான் இருக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில வேல. தனியா ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. பொழுதுக்கும் வேலதான்..." சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். கேட்டது அது இல்லை என்று பட்டது. "தெரியல மேடம்" என்றார்.

அன்று பதிவேட்டை மூடிவிட்டார்கள். எப்படிக் கேட்பது என்று இவர் கேட்க, ஆய்வாளர் சொல்லிக்கொடுத்தார். சுற்றி வளைக்க வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அதே வார்த்தையில் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, அதைப் பல ஆய்வுகள் பார்த்தாயிற்று. பதில் வந்தபிறகு புத்தி சொல்ல ஆரம்பிக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். ஆபத்து என்று பட்டால் அவளைத் தனியே விடாமல் தன்னைக் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆராய்ச்சி, பதிவேடு, அந்த வரி. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுக்கு போன் பண்றேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

என்ன சமையல், மழை பெய்ததா, குழாயில் தண்ணீர் வந்ததா என்று தினமும் ஒரே பேச்சு. அதை வைத்து அவர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார்.

"குரல் கேக்கத்தான். எடுத்துட்டான்னா அன்னிக்கு நிம்மதி. எடுக்கறதுக்குள்ள நாலு தடவ மணி அடிச்சா எனக்கு இங்க உசிரு போயிரும். ஆனா கேக்க வாய் வரல. கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுமோன்னு."

"ஆகாதாம்" என்றார் அவர். "நாளைக்கு நான் போய்க் கேக்கறேன்."

"நானும் வரேன்" என்றாள். பிறகு யோசித்து, "வேணாம். நான் வந்தா அழுதுடுவேன். அவ என்னைத் தேத்த ஆரம்பிச்சுடுவா" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை, கடையை ஒரு மணிக்கே மூடிவிடுவார்கள், அதனால் லீவு போட்டார். பஸ்ஸில் போகும்போது, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அந்த ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கடை சின்னது. மூன்று சுவரிலும் கண்ணாடிச் சட்டங்கள், யாரோ நூறு பேர் வரிசையாக நின்று பார்ப்பது போல. சின்னவள் பின்பக்க மேஜையில் ஒரு லென்ஸைச் சட்டத்துக்குள் பொருத்திக்கொண்டிருந்தாள். அத்தான் தனியாக வந்ததைப் பார்த்ததும் அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான்" என்றார். குரல் பதிவேட்டுக்குக் கேள்வி கேட்கிற குரலாகவே வந்தது, அவருக்கு வேறு குரல் இல்லை. "இப்பவும் உயிர விட்டுடலாம்னு தோணுதா உனக்கு?"

அவள் கை நின்றது. லென்ஸைத் துணியில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் அக்கா மேல சாஞ்சுக்கிட்டே உங்க பேனாவத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் அத்தான். கொஞ்சம் தூக்கிப் புடிச்சீங்க. கேக்கப் போறீங்கன்னு நெனச்சேன். அப்பறம் எழுதிட்டீங்க. சரி, இத யாரும் கேக்கப் போறதில்லன்னு புரிஞ்சுபோச்சு."

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. தபால்காரரைப் பற்றிச் சொல்லலாம், மானத்தைப் பற்றிச் சொல்லலாம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தோணும்" என்றாள் அவள். "எப்பவும் இல்ல. வரும், ரெண்டு மூணு நாள் இருக்கும், போயிடும். போன மாசம் ஒரு வாரம் இருந்துச்சு. அக்கா போன்ல தண்ணி வந்துதான்னு கேட்டா. வந்துச்சுன்னேன்."

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்பதை அவர் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை, அது அவளுடைய விஷயம் என்றார். நடுவில் இரண்டு தடவை புத்தி சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டதை மட்டும் ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டார். கடைசியில், அந்த மேடத்தை வந்து பார்க்கிறாயா என்று கேட்டார்.

"பாக்கறேன். ஆனா நீங்க பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டிருக்கக் கூடாது."

"எழுத மாட்டேன்" என்றார் அவர், ரொம்ப அக்கறையாக. அவள் சிரித்துவிட்டாள்.

ஆராய்ச்சி அடுத்த வருஷம் முடிந்தது. பதினொரு வருஷத்தில் தங்களைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்று பதிவேடு சொல்லியிருந்தது. திருத்திப் பார்த்தபோது அறுநூற்று முப்பத்தெட்டு. அவர்களில் தொண்ணூற்றேழு பேர் இரண்டாவது தடவையும் வந்தவர்கள். இந்த எண்களைக் காட்டித்தான் ஆஸ்பத்திரிக்கு ஒரு மனநல ஆலோசகர் பதவியும், அவசரப் பிரிவின் ஓரத்தில் கதவு போட்ட ஒரு அறையும் கிடைத்தன. இப்போது காரணத்தை நுழைவாசலில் எல்லோர் எதிரிலும் கேட்பதில்லை. அறைக்குள் ஒரு நர்ஸ் கேட்கிறார். அந்தத் தாள் போலீசுக்குப் போகாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது. வீட்டுக்குப் போனவர்களை முதல் வாரத்திலும் முதல் மாதத்திலும் போனில் கூப்பிடுகிறார்கள்.

இவருக்கு மெமோ வந்தது. அலுவலகப் பதிவேட்டில் உண்மைக்கு மாறாக எழுதியதற்கு விளக்கம் தரச் சொன்னார்கள். நாலு வரியில் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். ஆய்வாளர் இவருக்காக சூப்பிரண்டைப் பார்த்துப் பேசினார். கண்டனத்தோடு விட்டார்கள், ஆனால் நாற்காலி போய்விட்டது. துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை மூன்று வருஷம் படுக்கை விரிப்புகளையும் போர்வைகளையும் எண்ணி அடுக்கினார். "போர்வை கவனக்குறைவா கிழியுதா, தானா கிழியுதா சார்?" என்று அட்டெண்டர் கேலி செய்வார். அநியாயம் என்று இவருக்குத் தோன்றியதில்லை. தபால்காரருக்கு அன்று நடந்தது அநியாயம்தான் என்பதில் இருந்தும் அவர் மாறவில்லை. முதலிலேயே அந்த அறையையும் கதவையும் போட்டிருந்தால் பொய்க்கே வேலை இருந்திருக்காது என்று ஒரு தடவை சொன்னார்.

சின்னவள் வாரம் ஒரு நாள் ஆலோசகரைப் பார்க்கப் போனாள். அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு பிற்பகல் அவளே போன் செய்து, "அத்தான், இன்னிக்குத் தனியா இருந்தா சரியா வராதுன்னு தோணுது. வர்றீங்களா?" என்றாள். ஸ்டோரைப் பூட்டிவிட்டுப் போனார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அக்கா பகல் முழுக்கக் கூட இருந்தாள். இந்தத் தடவை பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள், தங்கையின் முன்னாலேயே அழுதாள், இருவரும் அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு வாரம் தங்களோடு இருந்துவிட்டுப் போ என்று அக்கா சொன்னாள், அவளும் இருந்தாள். அடுத்த திங்கட்கிழமை கடை திறக்கிற நேரத்துக்குப் போய்விட்டாள். மூன்று பேருடைய கண்ணாடிகள் அவளுக்காக மேஜையில் காத்திருந்தன. அதில் ஒருவர் காலையிலேயே வந்து நின்றுகொண்டிருந்தார்.